ஊர் காணும் முறை

பார்த்தல் வேறு, காண்டல் வேறு. கண் திறந்திருப்பவர் எவரும் பார்ப்பர். கருத்தும் உடன் செல்வார்க்கே காண்டல் கைகூடும். இவ்வேறுபாட்டை முப்பது ஆண்டுகளாக மாணாக்கர்க்கு எடுத்துரைத்து வந்தவன் நான். ஆயினும் ஐம்பதைக் கடந்த பின்னரே அதனை என் மனைவியிடம் கற்க நேர்ந்தது. அதனையும், அதன் பயனாக என்னுள் எழுந்த கருத்து ஒன்றையும் ஆசிரியப் பெருமக்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

நம் பாடசாலைகள் ஆண்டுதோறும் நடத்தும் கல்விச் சுற்றுலாவை யாவரும் அறிவர். இரண்டு நாள், பதினைந்து இடங்கள். நள்ளிரவிற் புறப்படும் பேருந்து. விடியுமுன் ஒரு கோயில். காலையுணவுக்கு முன் ஒரு நீர்வீழ்ச்சி. நண்பகலில் ஒரு பூங்கா. 'இறங்குங்கள்', 'ஏறுங்கள்' என்னும் இரண்டு ஏவல் வினைகளே அச்சுற்றுலாவின் முழு இலக்கணம். திரும்பி வந்தபின் கட்டுரை எழுதச் சொன்னால், பிள்ளைகள் பேருந்திற் பாடிய பாட்டையும் வழியில் வாந்தியெடுத்த தோழனையுமே எழுதுகின்றனர். அவர்கள் எழுதுவது பிழையன்று. அவர்கள் உண்மையிற் கண்டவை அவையே. இத்தகைய சுற்றுலாக்கள் பலவற்றை நானும் நடத்தியிருக்கின்றேன் என்பதை மறைப்பதற்கில்லை.

யாழ்ப்பாணத்திற் பிறந்து, கீழைத்தேயக் கல்லூரியொன்றிற் படித்துப் பண்டிதனாகி, ஆசிரியத் தொழிலாற் பாலாவிக்கு வந்து சேர்ந்தவன் நான். ஒருநாள் மாலை, மறுநாட் பாடத்துக்காகச் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். அயல்வீட்டாரின் மகள், வார விடுமுறையொன்றில் ஐரோப்பிய நகர் ஒன்றைக் கணவனோடு நடந்தே சுற்றிப் பார்த்தாளாம். அப்படங்களை அன்று பகல் என் மனைவிக்குக் கைப்பேசியிற் காட்டியிருந்தனர். அரிசியிற் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் தலை நிமிராமலே கேட்டாள்:

"கோவலன் மதுரையைச் சுற்றிப் பார்த்தான், சரி. கண்ணகி எப்ப பார்த்தவ?"

விடை சொல்ல வாயெடுத்தேன்; சொல் எழவில்லை. புகாரிலிருந்து அத்தனை காதமும் அவனோடு நடந்தே வந்தவள் கண்ணகி. மதுரையின் புறஞ்சேரியை அடைந்ததும், அவளைக் கவுந்தியடிகளிடம் இருத்திவிட்டுக் கோவலன் தனியே நகருட் புகுகின்றான். வீதி வீதியாகச் சென்று அதன் வளமெல்லாம் காண்கின்றான். பின்னர் மாதரியின் மனைக்குச் செல்லும் வழியில் அவள் மதிலையும் வாயிலையும் கடந்தாள் என்பது உண்மையே; ஆனால் அந்நகர வீதிகளில் அவள் உலாவி மகிழ்ந்ததாக இளங்கோவடிகள் பாடவில்லை. அவ்வீதிகளில் நாம் அவளைக் காண்பது ஊர்சூழ் வரியிலே. அப்போது அவள் கையிற் சிலம்பும் கண்ணில் நீரும் இருந்தன. கணவன் கண்டது ஊரின் அழகு. மனைவி கண்டது ஊரின் அநீதி. இவ்விரு தலைப்புகளையும் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிய நான், ஒன்றன் அருகே மற்றொன்றை வைத்து ஒருநாளும் எண்ணியதில்லை.

"நானும் ஒருக்கா உங்களோட ஓர் ஊரை நடந்து பார்க்கவேணும்" என்றாள் அவள். மணமாகி இருபத்தாறு ஆண்டுகளில் நாங்கள் இருவரும் சேர்ந்து சென்றவை திருவிழாக்களும் மருத்துவமனைகளும் சாவீடுகளுமே என்பது அப்போதுதான் நினைவில் உறைத்தது.

ஐரோப்பாவுக்குச் செல்ல எம்மிடம் பொருளில்லை. ஆயின் ஐரோப்பியர் அமைத்த நகர் ஒன்று நம் நாட்டிலேயே மதில் குலையாமல் நிற்கின்றது. காலியிற் போர்த்துக்கேயர் எழுப்பிய அரணை 1640இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, கொத்தளங்களும் வீதிகளும் கூடிய கோட்டை நகராக்கினர். 1796இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. 1988இல் உலக மரபுரிமைத் தலங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. வெள்ளிக்கிழமை பாலாவிச் சந்தியிற் கொழும்புப் பேருந்து ஏறி, அங்கிருந்து புகையிரதத்திற் கரையோரமாகத் தெற்கே சென்றோம். இவ்விரு ஊர்களையும் இணைத்த பயணம் புதியதன்று. 1344இல் புத்தளத்தில் வந்திறங்கிய இப்னு பதூதா, சிவனொளிபாத மலையைத் தரிசித்து, தேவேந்திரமுனை, காலி, கொழும்பு வழியாகப் புத்தளத்துக்கே மீண்டதைத் தம் பயண நூலிற் குறித்துள்ளார்.

சனிக்கிழமை காலையில் நான் செய்தது, சுற்றுலா நடத்தும் ஆசிரியன் செய்வதையே. பதினான்கு இடங்களின் பட்டியலொன்று என் கையில் இருந்தது. சிங்கங்களும் சேவலும் பொறித்த 1669ஆம் ஆண்டு வாயிற் சின்னம். கல்லறைப் பலகைகளே தளமாகிய 1755ஆம் ஆண்டுத் தேவாலயம். 1883ஆம் ஆண்டு மணிக்கூட்டுக் கோபுரம். 1939ஆம் ஆண்டு வெளிச்சவீடு. ஆண்டுகளைச் சொல்லிக்கொண்டே நான் முன்னே நடந்தேன்; அவள் பத்தடி பின்னே வந்தாள். நண்பகலுக்குள் பதினொன்று முடிந்தன. ஒரு மரநிழலில் அமர்ந்து முழங்காலைத் தடவியபடி அவள் சொன்னாள்: "நீங்கள் ஊரைப் பார்க்கேல்லை. பட்டியலைத்தான் பார்க்கிறியள்."

மாலையிற் பட்டியல் என் சட்டைப்பையிற் கிடந்தது. அவள் முன்னே நடந்தாள். எனக்கு அது புதிய நடை. அவள் கோபுரங்களை நோக்கவில்லை. வாயில் நிலைகளையும் தாழ்வாரங்களையும் நோக்கினாள். "இவ்வளவு வீடு. தண்ணியெல்லாம் எங்க போகுது?" என்றாள். ஒல்லாந்தர் வீதிகளின் அடியே கால்வாய் அமைத்து, கடலின் ஏற்ற வற்றத்தையே கொண்டு அவற்றைக் கழுவச் செய்த திறத்தை அக்கேள்வியினாலேயே எடுத்துக் கூறினேன். கயிறு திரித்த இடம் 'லெயின் பான்' வீதியென இன்றும் பெயர் தாங்கி நிற்கின்றது. அடுத்து ஒரு வீதியின் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டி வாசித்தவள், "பரவர் தெரு! இது எங்கட சொல்லெல்லோ?" என்று நின்றுவிட்டாள். நெய்தல் நில மாக்களாகச் சங்க நூல்கள் பேசும் பரவரின் பெயர், ஒல்லாந்தர் வகுத்த நகரின் நடுவே வீதிப் பெயராய் நிற்கின்றது. காண்பதற்குக் கட்டடம் ஒன்றும் இல்லாமையால் அது என் பட்டியலில் இடம்பெறவில்லை.

வெளிச்சவீட்டின் எதிரே, தொலைவிலிருந்து பார்ப்பார்க்குத் தேவாலயம் போலத் தோன்றும் பள்ளிவாசல் ஒன்று உண்டு; 1904இற் கட்டப்பட்டது. அதன் அருகே ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்த முதியவர் எம் பேச்சைக் கேட்டு, "எங்க இருந்து வாறீங்க?" என்று தமிழிலேயே வினவினார். 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கி வெளியே நகரை அழித்தபோது, பழைய மதில் உள்ளே இருந்தவர்களைக் காத்ததைச் சொன்னார். பின்னர், அயலில் ஒவ்வொரு வீடாக விடுதியாகி வருவதைச் சுட்டிக்காட்டினார். "செவரெல்லாம் இருக்கு தங்கச்சி. மனிசர்தான் கொறஞ்சிட்டாங்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை எந்த வழிகாட்டி நூலும் எனக்குச் சொல்லியிராது.

ஞாயிறன்று திரும்பும் வழியிற் கொழும்பு அரும்பொருட் சாலைக்குச் சென்றோம். காலியில் 1911இல் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்து வெளிப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு அங்கே உள்ளது. 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் அக்கல், சீனப் பேரரசன் ஏவலாற் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டுவந்தது. சீன மொழிப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனையிற் கோயில் கொண்ட தேனாவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இசுலாமிய நெறிக்கும் உரிய காணிக்கைகளைக் கூறுவன. அக்கோயிலை 1588இல் போர்த்துக்கேயர் அழித்தனர். தமிழ் எழுத்துத் தாங்கிய கல்லோ நீரோடும் வழிக்கு மூடியாகித் தப்பிப் பிழைத்தது. என் மனைவி அதன் முன் நெடுநேரம் நின்றாள். முந்திய நாள் தண்ணீர் எங்கே போகின்றது என்று கேட்டவள் அல்லளோ!

இனி என் கருத்துக்கு வருகின்றேன். கல்விச் சுற்றுலா ஓர் ஊருக்கே ஆகுக. அவ்வூரும் காலால் நடந்தே காணப்படுக. பதினைந்து ஊர்களிற் பேருந்து நிற்பதைக் காட்டிலும் ஓர் ஊரிற் பிள்ளை நடப்பது மேல். நடக்கும்போது மூன்று வினாக்கள் போதும். இத்தெருவுக்கு இப்பெயர் ஏன் வந்தது? இங்குள்ள நீர் எங்கே போகின்றது? இங்கே முன் வாழ்ந்தவர் யார், இன்று வாழ்பவர் யார்? வரலாறு, அறிவியல், வாழ்வு என்னும் மூன்றும் இவ்வினாக்களுள் அடங்கும். இவற்றை நான் எந்த நூலிலிருந்தும் எடுக்கவில்லை.

'அந்நியர் ஆண்ட சின்னத்தைக் கண்டு பயன் என்ன?' என்பர் சிலர். அந்நியர் மதிலுக்குள்ளே நம்மவர் பெயர் நிற்பதை அறியாதிருப்பதனாற் பயன் என்ன என்று நான் கேட்பேன். வேறு சிலர், 'ஏழைப் பிள்ளைக்கு வாழ்நாளில் ஒரே பயணம் இது. கொடுத்த காசுக்குப் பல இடம் காட்டவேண்டாமா?' என்பர். இது தள்ளத்தக்க கூற்றன்று. அவ்வேழைப் பெற்றோரின் முகத்தை நான் அறிவேன். ஆயினும் ஒரே பயணமாயின், அது நெஞ்சில் நிற்கும் பயணமாக அமைதல் அன்றோ அப்பிள்ளைக்கு நாம் செய்யும் நீதி?

தொலைவுக்கும் செல்லவேண்டுவதில்லை. 1667இல் தொடங்கி 1676இல் ஒல்லாந்தர் கட்டி முடித்த கோட்டை கற்பிட்டியில் உள்ளது. அதற்குச் செல்லும் பாதை எங்கள் பாலாவிச் சந்தியிலேதான் பிரிகின்றது. அவ்வழியே எத்தனையோ முறை வண்டியிற் போயிருக்கின்றேன். அவ்வூரை ஒருநாளும் நடந்து கண்டதில்லை. பாலாவிதான் என்ன? உப்பளங்களின் வரம்பில் நடந்து, கடல் நீர் உப்பாகும் வகையை என் மாணாக்கர்க்குக் காட்டியதுண்டா? 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் இப்பகுதியில் வந்து குடியேறினர். அவர்கள் விட்டு வந்த யாழ்ப்பாண வீதிகளை நான் நன்கு அறிவேன். அவர்கள் இங்கு அமைத்துக்கொண்ட வீதிகளில் நடந்து, ஒரு திண்ணையிலேனும் அமர்ந்து கேட்டவன் அல்லேன். பண்டிதன் என்னும் பெயர் தாங்கி இருப்பதற்கு நாணுகின்றேன்.

வரும் தவணையில் ஊர்காண் காதையை மீண்டும் கற்பிக்கும் முறை வரும். இம்முறை உரைகாரரிலிருந்து தொடங்கேன். அரிசியிற் கல் பொறுக்கியவள் கேட்ட வினாவிலிருந்து தொடங்குவேன். பாடம் முடிந்த மறுநாள், வகுப்பை அழைத்துக்கொண்டு உப்பளத்துக்கு நடந்து செல்ல எண்ணியுள்ளேன். என் மனைவியும் வருவதாகச் சொல்லியிருக்கின்றாள். முன்னே நடக்கப்போகின்றவள் அவளே.