கேணி என்று தேடினால் கேணி வர வேண்டும்

வடமராட்சியிலுள்ள எங்கள் ஊரின் வரைபடத்தை இணையத்தில் ஏற்ற வேண்டுமென்று ஊர்ச் சங்கம் தீர்மானித்தது. ஒழுங்கைகள், கேணிகள், கோயில்கள், இருக்கும் வீடுகள், இல்லாமற்போன வீடுகள் என்று நானூறு பெயர்கள். நோத்ர-டாம்-த-கிரேஸில், என் வீட்டுச் சமையலறை மேசையில் கூடினோம். நிரல் எழுத முன்வந்தவர் இங்கேயே பிறந்த இளைஞர். படம் வரைவதற்கான ஆயத்த நிரல்தொகுப்பு ஒன்றைத் தேர்ந்துவிட்டே வந்திருந்தார். கான்வாஸில் வரைவது. "அங்கிள், இதுதான் வேகம் கூட."

வேகம் என்றதும் தலையாட்டுவது எங்கள் தொழிலின் பழக்கம். இந்தமுறை நான் மறுத்தேன்.

கான்வாஸில் எழுதிய சொல் அந்தக் கணமே வெறும் படப்புள்ளிகளாகிவிடும். என்ன எழுதினோம் என்பது அதற்கு நினைவிராது. 2001இல் டபிள்யூ3சி தரமாக்கிய எஸ்விஜியில் கோடு கோடாகவும் சொல் சொல்லாகவும் இருக்கும். 'கேணி' என்று தேடலாம், படியெடுக்கலாம். பார்வை மங்கிய மாமிக்குத் திரைவாசிப்பான் வாசித்துக்காட்டும்.

தமிழுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. யூனிகோடில் 'கே' என்பது முதலில் ககரம், பிறகு கொம்பு. கொம்பை முன்னே கொண்டுவந்து வைப்பது ஹார்ஃப்பஸ் போன்ற மென்பொருளின் வேலை. குரோமும் ஃபயர்பாக்ஸும் அதைத்தான் நம்பியிருக்கின்றன. சொல்லை ஒவ்வொரு குறியாக உடைத்து வரையும் நிரல்தொகுப்பில் அந்த வேலை நடப்பதில்லை. வளைந்த ஒழுங்கை ஒன்றின் பெயரை வளைத்து எழுதியபோது, கொம்பு ககரத்துக்குப் பின்னால் அநாதையாக நின்றது. எழுத்தையெல்லாம் கோட்டுருவமாக மாற்றிவிடலாம் என்றார் இளைஞர். மாற்றினார், அழகாகத்தான் வந்தது. ஆனால் அது தமிழல்ல, தமிழின் படம். எஸ்விஜியில் இப்படிச் செய்தாலும் இழப்பு இதேதான்.

ஐம்பதாயிரம் புள்ளிகள் அசைய வேண்டிய படமென்றால் எஸ்விஜி திணறும். அங்கே கான்வாஸோ வெப்ஜிஎல்லோதான் சரி. எங்களிடம் இருப்பவை நானூறு பெயர்கள், அவை அசைவதுமில்லை. கான்வாஸுக்கு மாற்று உரை தனியே எழுதி வைக்கலாம் என்பார்கள். எழுதலாம்தான். ஒவ்வொரு திருத்தத்தையும் இரண்டு இடத்தில் செய்யப்போவது யார்?

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்துக்காகத் தன்னார்வலர்கள் பழைய நூல்களை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்தார்கள். அதனால்தான் இன்று அவற்றுக்குள் தேட முடிகிறது. பெயர்ப்பலகையின் மொழிக்காக 1977இலேயே சட்டம் இயற்றிய மாகாணத்தில் வாழ்கிறோம். எங்கள் ஊர்ப் பெயர்களை மட்டும் ஏன் வெறும் படமாக்க வேண்டும்? ஊரைக் கண்டிராத பிள்ளை ஒருநாள் அம்மம்மா சொன்ன பெயரைத் தட்டித் தேடும். அப்போது ஒன்றும் வராவிட்டால், அப்படியோர் இடமே இருந்ததில்லை என்றுதான் நினைக்கும்.

எந்தத் தொகுப்பையும் தேரும் முன் ஒரு தமிழ்ச்சொல்லை அதில் இட்டுப்பாருங்கள். சரியாகத் தெரிகிறதா, தேடினால் கிடைக்கிறதா, வாசித்துக்காட்டுகிறதா? வேகத்தை அதன்பிறகு அளக்கலாம்.

அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்பு. என் வாக்கு எதற்கென்று சொல்லிவிட்டேன்.