அலாய் வீலுக்கு முன்னால் டயரைப் பாருங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. கார் வைத்திருப்பவர்களும் வாங்கப் போகிறவர்களும் பொறுமையாகப் படியுங்கள். மற்றவர்கள், வீட்டில் கார் வைத்திருக்கும் பிள்ளைக்கு அனுப்பிவிடுங்கள்.

டீச்சருக்கும் கார் சக்கரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "மெதுவா போப்பா" என்று சொல்லத்தான் தெரியும். ஆனால் முப்பத்து நாலு வருஷம் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள். இந்த அலாய் வீல் விவகாரத்தில் பாதி வட்டம் பாடம், மீதி சதவீதம் பாடம். இரண்டுக்கும் அப்பாற்பட்டதை, என்னிடம் எட்டாம் வகுப்பு படித்து இப்போது பைபாஸில் வீல் அலைன்மென்ட் கடை வைத்திருக்கும் ஒருவனிடம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டேன். அன்று வாய்ப்பாடு சொல்லாமல் வாசலில் நின்றவன், இன்று எனக்கு நாற்காலி போட்டுப் பாடம் நடத்துகிறான். சந்தோஷமாகத்தான் இருந்தது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்பெனி கொடுத்த ஸ்டீல் ரிம்மைக் கழற்றிவிட்டு வெளியில் பெரிய அலாய் வீல் வாங்கி மாட்டுவது, நம்மைப் போன்ற சம்பளக் குடும்பங்களுக்குச் செலவுக்கேற்ற பலன் தருகிற காரியம் இல்லை. அழகுக்காக என்றால் செய்யலாம், அதற்கும் ஒரு வழி இருக்கிறது. பாதுகாப்பு, மைலேஜ் என்ற பெயரில் செய்யாதீர்கள். அந்தப் பணத்தில் முதல் பங்கு டயருக்குப் போகட்டும்.

இந்தப் பேச்சு எழுந்ததே பழைய மாணவன் ஒருவனால்தான். பெயர் வேண்டாம், சங்கடப்படுவான். ஒரு தனியார் கம்பெனியில் சூப்பர்வைசர். இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். கடன் போட்டு ஒரு பழைய ஸ்விஃப்ட் வாங்கியிருக்கிறான், கீழ் மாடல். நல்ல வண்டிதான். நண்பர்கள் சொன்னார்கள் என்று மதுரையில் ஒரு கடைக்குப் போய் 17 அங்குல அலாய்க்கு விலை கேட்டு வந்துவிட்டான். நாலு வீல் 42,000. அதற்கேற்ற நாலு டயர் 38,000. நட்டு, பேலன்சிங், அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து 3,000. பழைய ரிம், டயரை எடுத்துக்கொண்டு 8,000 கழிப்பார்களாம். ஆக 75,000 ரூபாய். அவனுடைய கார் தவணை ஏழு மாதத்துக்கு மேல் கட்டலாம் அந்தப் பணத்தில்.

"ரோடு கிரிப் நல்லா இருக்குமாம் டீச்சர். மைலேஜும் கூடுமாம்" என்றான்.

"அது இருக்கட்டும். இப்ப இருக்கிற டயர் ஓரத்துல ஒரு சின்ன வட்டத்துக்குள்ள நாலு எண் இருக்கும். பாத்துட்டு வந்து சொல்லுப்பா" என்றேன். அலைன்மென்ட் கடையில் கற்றுக்கொண்ட புதுப் பாடம், விடுவேனா!

திரும்ப வந்து "3418ன்னு போட்டிருக்கு டீச்சர்" என்றான்.

முதல் இரண்டு எண் வாரம், அடுத்த இரண்டு எண் வருஷம். 2018ஆம் வருஷம் 34ஆவது வாரத்தில் செய்த டயர். ஏழு வருஷம் தாண்டிவிட்டது. ஓரத்தில் மயிரிழை போல வெடிப்புகளும் இருக்கின்றன என்றான். ரப்பர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வயதாகும். ஐந்து வருஷத்துக்குப் பிறகு வருஷா வருஷம் டயரைச் சோதிக்கச் சொல்கிறார்கள். பத்து வருஷம் ஆகிவிட்டால் பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் வேண்டாம் என்கிறார்கள். இந்த டயரில்தான் அவன் மனைவியும் பிள்ளைகளும் நான்குவழிச் சாலையில் போய்க்கொண்டிருக்கிறார்கள். ரிம்மைப் பற்றி ஒரு மாதமாக ஆராய்ச்சி செய்தவன், டயரைக் குனிந்து பார்க்கவில்லை.

அவனை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. வண்டி எடுத்ததும் நாலு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். அந்த டயர் எந்த வருஷத்துடையது என்று யாராவது பார்த்திருக்கிறோமா?

சரி, கணக்குக்கு வருவோம். டயரில் 165/80 ஆர்14 என்று எழுதியிருக்கும். 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் டயரின் பக்கச் சுவர் உயரம் என்பது. 165இல் 80 சதவீதம் 132 மி.மீ. 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். அதாவது 355.6 மி.மீ. மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர் சேர்த்தால் சக்கரத்தின் மொத்த விட்டம் 619.6 மி.மீ.

இப்போது அந்தக் கடைக்காரர் சொன்ன 205/45 ஆர்17. 205இல் 45 சதவீதம் 92.25 மி.மீ. இரண்டு சுவர் 184.5. ரிம் 431.8. மொத்தம் 616.3 மி.மீ. பழைய சக்கரத்தைவிட மூன்று மில்லிமீட்டர்தான் குறைவு. ஆகவே ஸ்பீடாமீட்டர் தவறாகக் காட்டும் என்று பயமுறுத்துகிறார்களே, இந்த அளவில் அது பெரிய விஷயமே இல்லை. கடைக்காரர் அதைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்.

கவனிக்க வேண்டியது வேறு. மொத்த உயரம் மாறாமல் ரிம் பெரிதானால், எது சிறிதாகிறது? ரப்பரும் காற்றும். 132 மி.மீ. இருந்த பக்கச் சுவர் 92 ஆகிவிட்டது. நாற்பது மில்லிமீட்டர், கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. பள்ளத்தில் விழும்போது முதலில் அடி வாங்கி நசுங்கி நிமிர்வது அந்தச் சுவர்தான். அதை மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிட்டால், மீதி அடி ரிம்முக்கும் சஸ்பென்ஷனுக்கும் நம் முதுகெலும்புக்கும் போகும். மழமழவென்ற சாலையில், வளைவில் வண்டி நன்றாகப் பிடித்துப் போகும் என்பது உண்மை. ஆனால் நம் ஊரில் ஸ்பீடு பிரேக்கருக்கு வெள்ளைக் கோடு அடிக்கும் பழக்கமே பாதி இடத்தில் கிடையாது. குடிநீர்க் குழாய்க்குத் தோண்டிய பள்ளத்தை மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் போவார்கள். ஒரு மழை பெய்தால் மண் இறங்கிவிடும்.

அப்படி ஒரு பள்ளத்தில்தான் என் தம்பி மகன் வண்டி விழுந்தது. திருச்செந்தூரில் குழந்தைக்கு மொட்டை போட்டுவிட்டு இரவு திரும்பி வருகிறார்கள். அவனும் 17 அங்குலம்தான் மாட்டியிருந்தான். எட்டயபுரம் பக்கம் வரும்போது 'டமார்' என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் டயர் நன்றாக இருக்கிறது. கிளம்பி ஐந்து நிமிஷத்தில் காற்று இறங்கிவிட்டது. ரிம்மின் உள்பக்க விளிம்பில் விரிசல், வெளியில் நின்று பார்த்தால் தெரியாது. டிக்கியில் ஸ்டெப்னி இருக்கிறது. ஆனால் அலாயோடு கொடுத்த நட்டுகளைக் கழற்ற ஒரு தனிச் சாவி வேண்டுமாம், அது வீட்டு அலமாரியில் இருக்கிறது. மருமகள் கைக்குழந்தையோடு ரோட்டோரத்தில் இரண்டு மணி நேரம் நின்றாள். மறுநாள் வீல் வாங்கிய கடைக்குப் போனால், பள்ளத்தில் விழுந்ததற்கு வாரண்டி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்த டிசைன் ஒற்றை வீலாகவும் கிடைக்கவில்லை.

ஸ்டீல் ரிம்மாக இருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது என்று நான் சொல்லவில்லை. வளைந்திருக்கலாம். ஆனால் ஸ்டீல் வளையும், அலாய் விரிசல் விடும். அலுமினியத்தோடு சிலிக்கான் போன்றவற்றைக் கலந்து அச்சில் வார்த்த பொருள் அது, ஸ்டீல் அளவுக்கு வளைந்து கொடுக்காது. ஸ்டீல் ரிம்மைச் சில நூறு ரூபாயில் பெண்டு எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். விரிசல் விட்ட அலாயை வெல்டிங் வைத்து, பெயின்ட் அடித்து, 'செகண்ட் ஹேண்ட்' என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். பெயின்ட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. பழைய அலாய் மலிவாகக் கிடைக்கிறது என்று மட்டும் போய்விடாதீர்கள்.

மைலேஜ் கதையையும் பார்த்துவிடுவோம். ஒரே அளவில் ஸ்டீலையும் அலாயையும் வைத்துப் பார்த்தால் அலாய் பெரும்பாலும் எடை குறைவுதான். ஆனால் நாம் ஒரே அளவையா மாட்டுகிறோம்? அலைன்மென்ட் கடையில் எடை மெஷினில் வைத்துக் காட்டினான். 14 அங்குல ஸ்டீல் ரிம் ஏழு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. 17 அங்குல அலாய் ஒன்பதரை கிலோ. போதாததற்கு டயரும் அகலமாகிவிட்டது, சாலையில் உரசல் அதிகம். மைலேஜ் எங்கிருந்து கூடும்? குறையாமல் இருந்தால் சரி.

சட்டத்தையும் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அலாய் மாட்டியவனையெல்லாம் நிறுத்திப் பிடிக்கிறார்களா என்றால், இல்லை. எனக்குக் கவலை போலீஸ் இல்லை, இன்சூரன்ஸ். கம்பெனி பொருத்தாத பொருளைப் பாலிசியில் சொல்லி, அதற்கும் பிரீமியம் கட்டியிருந்தால்தான் உரிமையோடு கேட்கலாம். எழுபத்தைந்தாயிரம் செலவழித்தவர்களில் எத்தனை பேர் அதைச் செய்திருக்கிறீர்கள்? டயருக்கு மட்டும் சேதம் என்றால் சாதாரண பாலிசியில் ஒன்றும் கிடைக்காது. வண்டியும் சேர்ந்து அடிபட்டால் டயர் விலையில் பாதி, அவ்வளவுதான்.

இவ்வளவு சொல்வதால், ஆசையே கூடாது என்கிறேன் என்று நினைக்காதீர்கள். என் பீரோவில் ஒரு பட்டுப்புடவை இருக்கிறது. விலை 18,000. வருஷத்தில் மூன்று கல்யாணத்துக்குக் கட்டுவேன். அது குளிருக்கு நல்லது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அழகாக இருக்கிறது, பிடித்திருக்கிறது, வாங்கினேன். அலாய் வீலும் அப்படித்தான். அந்தக் கறுப்பு ரிம்மையும் பிளாஸ்டிக் மூடியையும் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் நேராக அப்படிச் சொல்லுங்கள். அதில் ஒரு தப்பும் இல்லை. 'பாதுகாப்பு' என்று பேர் வைத்தால்தான் கணக்கு கெட்டுப்போகிறது. ஏனென்றால் பாதுகாப்புக்கு என்று சொல்லிவிட்டால் எவ்வளவு செலவழித்தாலும் வீட்டில் கேள்வி கேட்க மாட்டார்கள்.

அழகுக்கு என்று முடிவு செய்தவர்களுக்கு நான் சொல்லும் வழி இது. அதே காரின் மேல் மாடலுக்குக் கம்பெனி என்ன அளவு கொடுக்கிறது என்று பாருங்கள். ஸ்விஃப்ட்டில் கீழ் மாடலுக்கு 165/80 ஆர்14 ஸ்டீல், மேல் மாடலுக்கு 185/65 ஆர்15 அலாய். பக்கச் சுவர் 120 மி.மீ., மொத்த விட்டம் 621.5. பழையதோடு இரண்டு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. கம்பெனியே சோதித்துப் பார்த்துக் கொடுத்த அளவு. அதைத் தாண்டாதீர்கள்.

இன்னொன்று, டயர் தேயும் வரை காத்திருங்கள். நம் சூப்பர்வைசர் பையனுக்கு எப்படியும் இப்போது நாலு டயர் மாற்றியாக வேண்டும். அதே 14 அங்குலத்தில் சுமார் 18,000 ஆகும். 15 அங்குல அலாய் நாலு 24,000, டயர் நாலு 22,000, மொத்தம் 46,000. ஆக அழகின் உண்மையான விலை 28,000 ரூபாய். அது தகுமா என்று அவனும் அவன் மனைவியும் உட்கார்ந்து பேசட்டும், நான் தலையிட மாட்டேன். ஆனால் 18,000 மட்டும் இந்த மாதமே செலவாகட்டும் என்று சொல்லிவிட்டேன்.

வாங்கும்போது வீலின் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 16192 என்ற எண்ணும் இருக்கிறதா, எத்தனை கிலோ தாங்கும் என்று பொறித்திருக்கிறதா என்று கேளுங்கள். டயரிலும் தாங்கும் எடைக்கு ஒரு எண் உண்டு. 85 என்றால் 515 கிலோ, 84 என்றால் 500 கிலோ. பழையதைவிடக் குறைந்த எண்ணை வாங்காதீர்கள். பெரிய டயர் அதிக எடை தாங்கும் என்று நினைப்போம், 205/45 ஆர்17இல் 84 போட்ட டயரும் வருகிறது. நட்டு துளைகளின் இடைவெளி மட்டும் பொருந்தினால் போதாது, நடு ஓட்டையும் காரின் ஹப்பில் கச்சிதமாக உட்கார வேண்டும். உட்காராவிட்டால் அதற்கென்று வளையம் இருக்கிறது, போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் எண்பதைத் தாண்டினாலே ஸ்டியரிங் நடுங்கும். மாட்டி நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும். தனிச் சாவி கொடுத்தால் அது டிக்கியில் இருக்கட்டும், அலமாரியில் வேண்டாம்!

ஒரு வீட்டுப்பாடம் கொடுக்கிறேன். நாளைக் காலையில் உங்கள் வண்டியின் நாலு டயரையும், மறக்காமல் ஸ்டெப்னியையும், அந்த நாலு எண்ணைப் பாருங்கள். சில டயர்களில் அது உள்பக்கமாகத் திரும்பியிருக்கும், குனிந்துதான் பார்க்க வேண்டும். பட்டன் இடுக்கில் சின்ன மேடு மாதிரி இருப்பதையும் பாருங்கள். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் மிச்சம் 1.6 மில்லிமீட்டர்தான், மாற்றியாக வேண்டும். எண்ணையும் டயர் அளவையும் கீழே எழுதுங்கள். வேறு அளவு போட நினைப்பவர்கள் அதையும் சேர்த்து எழுதினால், விட்டமும் பக்கச் சுவரும் கணக்குப் போட்டுச் சொல்கிறேன். விடை மட்டும் கேட்காதீர்கள், வழிமுறையோடு போட்டு அனுப்பினால் திருத்தித் தருகிறேன்.