கழற்றக்கூடாத பாகம்

திறந்த வன்பொருள் என்று பேச்செடுத்தாலே, எல்லாவற்றையும் கழற்றலாம், எல்லாவற்றையும் மாற்றலாம் என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு போகிறோம். அளவுக்கருவிகளைப் பொறுத்தவரை இந்த உற்சாகத்தில் பாதி தவறு என்பது என் கட்சி.

2011 மார்ச் 11 அன்று நிகழ்ந்த நிலநடுக்கத்துக்கும் ஆழிப்பேரலைக்கும் பின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்திலிருந்து கதிரியக்கம் வெளியேறியது. நமியே என்ற ஊரின் மக்கள் பலர் வடமேற்கே த்சுஷிமா பகுதிக்குப் போய்த் தங்கினார்கள். கதிரியக்கத் தூசும் அதே திசையில்தான் சென்றது. அது பரவக்கூடிய வழியைக் கணித்த வரைபடங்கள் அரசிடம் இருந்தன; பொதுமக்கள் அவற்றில் ஒன்றைப் பார்த்தது மார்ச் 23 அன்று. அளக்கும் கருவி யார் கையில் இருக்கிறது என்பது வெறும் தொழில்நுட்பக் கேள்வி அல்ல.

கடைகளில் கைகர் கருவிகள் தீர்ந்துபோயிருந்த அந்நாட்களில் உருவான தன்னார்வக் குழு சேஃப்காஸ்ட். ஆளுக்கொரு கருவி கிடைக்காதென்றால், இருப்பதைக் காரில் ஏற்றி ஊர் ஊராகச் சுற்றலாம் என்று முடிவு செய்தார்கள். அப்படிப் பிறந்த கருவியின் பிற்காலச் சிறிய வடிவம்தான் பிகைகி நானோ. (பெயரில் ஒளிந்திருப்பது ஜப்பானியரின் பென்டோ சாப்பாட்டுப் பெட்டி.) அர்டுயினோ பலகை, ஜிபிஎஸ், நினைவட்டையில் எழுதும் பலகை எல்லாம் சந்தையில் தனித்தனியே கிடைத்தவை. சால்டரிங் செய்யத் தெரிந்தவர் தாமே கோத்துவிடலாம்; ஒன்று பழுதானால் அதை மட்டும் மாற்றலாம்.

ஆனால் கதிர்வீச்சை உணரும் குழாய் மட்டும் எல்லா நானோக்களிலும் ஒன்றே: எல்என்டி 7317. மலிவான குழாய்கள் இல்லாமலில்லை. ஒரே தெருவில் வெவ்வேறு குழாய்கள் வெவ்வேறு எண்ணிக்கை காட்டும். அவற்றையெல்லாம் ஒரே வரைபடத்தில் கொட்டினால் வண்ணங்கள் கிடைக்கும், அளவு கிடைக்காது. எங்கே மாற்ற விடக்கூடாது என்று தீர்மானித்ததில்தான் இக்கருவியின் வடிவமைப்பு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் எனக்குப் பிடித்தது. நிமிடத்துக்கு 334 துடிப்புகள் என்றால் மணிக்கு 1 மைக்ரோசீவர்ட் என்று இக்கருவியின் திரை காட்டும். அந்தக் கணக்கு சீசியம்-137 ஐசோடோப்புக்கு மட்டுமே பொருந்துவது. ஆகவே 5 விநாடிக்கு ஒருமுறை நினைவட்டையில் பதிவது மைக்ரோசீவர்ட் அல்ல, துடிப்புகளின் எண்ணிக்கை. மாற்றும் கணக்கு தவறென்று நாளை ஒருவர் காட்டினால், எல்லாவற்றையும் திரும்பக் கணக்கிட்டுக்கொள்ளலாம். பத்துக் கோடிக்கும் மேற்பட்ட அந்த அளவீடுகளை உரிமைக் கட்டுப்பாடின்றி எவரும் எடுத்துக்கொள்ளவும் முடிகிறது.

மலிவான குழாய் என்றால் இன்னும் பலர் அளந்திருப்பார்களே என்ற வாதத்தை நான் புறந்தள்ளவில்லை. எல்லாருக்கும் திறந்த கருவியின் இதயத்தில், ஒரே நிறுவனம் அடைத்து மூடி விற்கும் குழாய் இருப்பது எனக்கும் உறுத்தலாகவே இருக்கிறது.