பந்தாடும் காலுக்கு விலங்கா?

கோவில்பட்டியின் தேநீர்க் கடைகளில் மாலை நேரத்தில் இரண்டு பேச்சுகள் தவறாமல் அடிபடும். ஒன்று மழை, மற்றொன்று அரசியல். இந்நாளில் மூன்றாவதாகக் கால்பந்தும் வந்து சேர்ந்திருக்கிறது. ஹாக்கிக்குப் பேர்போன ஊரில் கால்பந்துக்கு என்ன வேலை என்று வியக்க வேண்டாம். இங்கிலாந்திலும் ஸ்பெயினிலும் நடக்கிற ஆட்டத்தை நள்ளிரவில் கைப்பேசியில் கண்டுகளித்துவிட்டு, மறுநாள் தீப்பெட்டி ஆலையில் வேலை முடித்து வருகிற இளைஞர்கள் அதைப்பற்றி வாதாடுகிறார்கள். அந்த வாதத்தில் அடிக்கடி ஒரு சொல் தெறித்து விழுகிறது. துரோகி!

யார் துரோகி? கழகம் மாறிய வீரன் துரோகியாம்!

2025 மே மாதம் லிவர்பூல் நகரில் நடந்ததைப் பார்ப்போம். ட்ரென்ட் அலெக்சாண்டர்-ஆர்னால்டு அந்நகரிலேயே பிறந்தவர். ஆறு வயதில் லிவர்பூல் கழகத்தின் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தவர். இருபது ஆண்டுகள் வேறு கழகத்தின் சட்டையை அணியாதவர். ஐரோப்பியக் கோப்பையிலும் இங்கிலாந்துப் பட்டத்திலும் பங்கு கொண்டவர். ஒப்பந்தக் காலம் முடிகிறது, இனி வேறிடம் செல்கிறேன் என்று அறிவித்தார். அடுத்த ஆட்டத்தில் அவர் களத்தில் கால் வைத்ததும் சொந்த ஊர்க் கூட்டமே கூச்சலிட்டு அவரை இழிவுபடுத்திற்று. இருபது ஆண்டு உழைப்பு ஒரே அறிவிப்பில் மறந்துபோயிற்று! ஸ்பெயின் நாட்டின் ரியல் மாட்ரிட் கழகத்துக்கு அவர் போய்ச் சேர்ந்தார். நம் ஊர்த் தேநீர்க் கடையிலும் அவருக்கு அதே தீர்ப்புத்தான்.

நாம் கேட்கிறோம்: விசுவாசம் என்பது என்ன? யார் யாருக்குக் காட்ட வேண்டியது? வீரன் கழகத்துக்குக் காட்ட வேண்டும் என்று சொல்லுவோர், கழகம் வீரனுக்குக் காட்ட வேண்டியதைப்பற்றி ஏன் வாய் திறப்பதில்லை?

பழங்கதையைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்பது நல்லது. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் வீரனின் ஒப்பந்தம் முடிந்த பிறகும் கழகம் விடுவித்தால்தான் அவன் வேறிடம் போக முடியும். விடுவிக்காவிட்டால் வேறு எங்கும் ஆட முடியாது. கூலிக்கும் உச்சவரம்பு! எத்தனை கெட்டிக்காரனாக இருந்தாலும் வாரத்துக்கு 20 பவுனுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்கிற கட்டுப்பாடு 1961 ஜனவரி வரை இருந்தது. பிரஸ்டன் கழகத்தின் டாம் ஃபின்னி இங்கிலாந்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர். குழாய் பழுது பார்க்கும் தொழிலையும் கைவிடாமல் பந்தாடியவர். 1952-இல் இத்தாலியின் பலெர்மோ கழகம் அவருக்குப் பெருந்தொகை தர முன்வந்தது. கழகம் மறுத்தது, கதவு மூடியது. பிற்காலத்தில் எல்லோரும் அவரை ஒரே கழகத்தின் உத்தமர் என்று போற்றினர். போற்றட்டும். ஆனால் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டவன், உள்ளே இருப்பவனைப் பார்த்து "என்னே உன் விசுவாசம்!" என்று மெச்சுவது எந்த ஊர் நியாயம்?

நியூகாசில் கழகத்தின் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் அந்தப் பூட்டை உடைக்கத் துணிந்தார். ஆடாமல் இருந்து வேறு வேலை பார்த்தார்; வழக்குத் தொடுத்தார். 1963-இல் நீதிமன்றம், இப்படிப் பிடித்துவைப்பது தொழில் செய்யும் உரிமையைத் தடுப்பதாகும் என்று தீர்ப்பளித்தது. பெல்ஜியம் நாட்டின் ஜான் மார்க் போஸ்மேன் தொடுத்த வழக்கில் 1995-இல் ஐரோப்பிய நீதிமன்றம் மேலும் ஒரு படி சென்று, ஒப்பந்தம் முடிந்த வீரனுக்கு விலை கேட்கக் கூடாது என்றது. இவை விளையாட்டுச் செய்திகள் மட்டுமல்ல. தொழிலாளி வர்க்கத்தின் வெற்றிகள். கரிசல் மண்ணில் பண்ணையாளாகக் கட்டுண்டு கிடந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, முன்பணம் வாங்கிய குற்றத்துக்காக ஆலையை விட்டு அசைய முடியாதிருந்தவர்களின் பிள்ளைகளுக்கு, இதை விளக்கிச் சொல்லவும் வேண்டுமோ?

"அப்படியானால் கழகப் பற்று என்று ஒன்றுமே இல்லையா? காசு கொடுப்பவன் பின்னால் ஓடுவதுதான் ஆட்டமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பற்று உண்டு. அது அழகானது என்பதையும் ஒப்புகிறோம். கல்கத்தாவின் சுனி கோஸ்வாமி 1954 முதல் 1968 வரை மோகன் பகான் கழகத்துக்கே ஆடினார். இங்கிலாந்தின் டாட்டன்ஹாம் கழகம் அழைத்தும் அவர் போகவில்லை என்பது இன்றும் பெருமையோடு பேசப்படுகிற செய்தி. 1962-இல் ஜகார்த்தாவில் ஆசியப் பட்டம் வென்ற இந்தியக் குழுவின் தலைவர் அவர்தான். அந்தக் குழுவிலேயே இன்னொருவர் பி.கே. பானர்ஜி. மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் புகழின் உச்சியில் இருந்த காலத்தில், இரண்டிலும் சேராமல் கிழக்கு ரயில்வே குழுவிலேயே அவர் நிலைத்தார். 1958-இல் பெரிய கழகங்களை எல்லாம் பின்தள்ளி ரயில்வே குழு கல்கத்தா லீக் பட்டத்தை வென்றது.

இருவரும் விசுவாசிகளே. ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. கோஸ்வாமிக்கு ஸ்டேட் வங்கியில் வேலை இருந்தது. பானர்ஜிக்கு ரயில்வேயில் வேலை இருந்தது. மாதம் பிறந்தால் சம்பளம்; கால் முறிந்தாலும் அடுப்பு எரியும். அந்த உறுதியின்மேல்தான் அவர்களுடைய பற்று வேர்விட்டது. ஈரமில்லாத மண்ணில் பருத்தி முளைக்காது. பாதுகாப்பில்லாத வாழ்வில் விசுவாசம் முளைக்காது.

இனி, நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். 2019 மார்ச்சில் சென்னை சிட்டி கழகம் கோயம்புத்தூரில் ஆடி, இந்தியாவின் ஐ-லீக் பட்டத்தை வென்றது. தமிழ் இளைஞர்கள் பலர் இடம்பெற்ற குழு அது. அவர்களில் ஒருவர் எட்வின் சிட்னி வான்ஸ்பால். அதே ஆண்டில் அவர் சென்னையின் எஃப்.சி. கழகத்துக்கு மாறினார். பட்டம் வென்ற கையோடு, ஆளாக்கிய கழகத்தை விட்டுப் போகலாமா என்று கேட்பவர்க்கு வரலாறே பதில் சொல்லிவிட்டது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் சென்னை சிட்டி கழகம் அந்த லீக்கிலேயே இல்லாமற்போயிற்று. வீரன் கழகத்தை விட்டான் என்று வருந்துகிறீர்களே, கழகம் களத்தையே விட்டுப் போனதற்கு யாரைக் கேட்பது? அங்கேயே இருந்து பற்றைக் காட்டியிருந்தால், எந்தச் சட்டையை அணிந்து எந்தத் திடலில் அவர் ஆடியிருப்பார்?

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் கொடிது. 2025-இல் இந்திய சூப்பர் லீக்கின் வணிக ஒப்பந்தத்தில் சிக்கல் எழுந்தது. லீக் நடக்குமா என்றே தெரியாத நிலை. உடனே கழகங்கள் என்ன செய்தன? பெங்களூரு எஃப்.சி.யும் சென்னையின் எஃப்.சி.யும் வீரர், ஊழியர் சம்பளத்தை நிறுத்திவைத்தன. கழகங்களுக்கும் நெருக்கடிதான், மறுக்கவில்லை. ஆனால் நெருக்கடி வந்ததும் முதலில் வெட்டுப்பட்டது எது? உழைப்பவனின் கூலி! ஆதாயம் இருக்கும்போது "நாம் எல்லோரும் ஒரு குடும்பம்" என்பார்கள். ஆதாயம் போனதும் "ஒப்பந்தத்தைப் பார்" என்பார்கள். வீரன் மட்டும் ஒப்பந்தத்தைப் பார்த்தால் துரோகியா?

இந்தக் கேள்வி கோவில்பட்டிக்கு மிக நெருங்கிய கேள்வி. நம் ஊரின் ஆட்டம் ஹாக்கி. தலைமுறை தலைமுறையாகப் புழுதித் திடலில் மட்டை பிடித்த ஊர் இது. இன்று செயற்கைப் புல்வெளித் திடலும் அரசின் ஹாக்கிப் பயிற்சி விடுதியும் இருக்கின்றன. லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்காக நாட்டின் பல பகுதிகளிலிருந்து குழுக்கள் இங்கே வந்து ஆடியிருக்கின்றன. இவ்வூர் மாரீஸ்வரன் சக்திவேலும், இங்கே பயிற்சி பெற்ற அரியலூர் கார்த்தி செல்வமும் 2022-இல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடி வெண்கலத்தோடு திரும்பினர். அன்று ஊரே மகிழ்ந்தது.

ஆனால் நம் ஊர்க் கழகங்களின் பெரியவர்களுக்கு ஒரு மனக்குறை உண்டு. "பத்து வயதில் மட்டையைக் கையில் கொடுத்து, விடியற்காலையில் எழுப்பி ஓடவிட்டு ஆளாக்குகிறோம். மீசை முளைத்ததும் ரயில்வேக்குப் போகிறான், பட்டாளத்துக்குப் போகிறான், வங்கிக்குப் போகிறான். பிறகு நம் சட்டையைப் போட அவனுக்கு நேரமில்லை" என்கிறார்கள். அந்தக் குறையில் உண்மை இருக்கிறது. ஊதியம் வாங்காமல் மாலை மாலையாகத் திடலில் நின்றவர்களின் குறை அது. அதை எள்ளி நகையாட மாட்டோம்.

ஆயினும் அந்தப் பெரியவர்களைப் பணிவோடு கேட்கிறோம். மழை பொய்த்த ஆண்டுகளில் இந்தக் கரிசலை விட்டுத் திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போனவர்களை நாம் துரோகி என்றோமா? மண்ணைச் சபித்தோமே தவிர மனிதனைச் சபிக்கவில்லையே! கூலி வேலை பார்க்கும் வீட்டிலிருந்து வந்த பையனுக்கு அரசு வேலைக் கடிதம் வந்தால், அது அவனுக்கு மட்டும் வந்த கடிதமா? தாயின் வைத்தியத்துக்கும் தங்கையின் படிப்புக்கும் சேர்த்து வந்த கடிதம். அன்று பானர்ஜி ரயில்வேயில் நிலைத்தது பெருமை என்றால், இன்று நம் பிள்ளை ரயில்வேக்குப் போவது மட்டும் எப்படிச் சிறுமையாகும்?

இன்னொரு கூத்தையும் பாருங்கள். 2017-க்குப் பின் நின்றுபோன இந்திய ஹாக்கி லீக் 2024 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. அதற்கு முன் ஏலம் நடந்தது. இந்தியக் குழுவின் தலைவர் ஹர்மன்பிரீத் சிங் 78 இலட்ச ரூபாய்க்கு எடுக்கப்பட்டார். வீரனுக்கு நல்ல பணம் கிடைத்ததில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் ஏலம் என்ற முறையில் எந்தக் குழுவுக்கு ஆடுவது என்று வீரன் தீர்மானிப்பதில்லை. கை தூக்கியவன் தீர்மானிக்கிறான். எட்டயபுரம் சந்தையில் விலைபேசி வாங்கிய ஆட்டிடம் எவரும் விசுவாசம் கேட்பதில்லை. மனிதனை ஏலத்தில் எடுத்துவிட்டு விசுவாசமும் கேட்கிறார்களே, அதுதான் விந்தை!

அப்படியானால் வளர்த்த ஊருக்கு ஒன்றுமே கிடையாதா? உண்டு. இருக்க வேண்டும். இதோ நம் கடலை மிட்டாயை எடுத்துக்கொள்வோம். அது உலகெங்கும் போகிறது. ஊரை விட்டுப் போய்விட்டதே என்று எவரும் அழுததில்லை. போன இடமெல்லாம் கோவில்பட்டியின் பெயரைச் சுமந்து போகிறது. 2020-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தப் பெயரின் உரிமை ஊருக்கென்று சட்டம் ஒப்புக்கொண்டது. மிட்டாய்க்குக் கிடைத்த நீதி, வீரனை வளர்த்த ஊருக்குக் கிடைக்க வேண்டாமா?

கால்பந்தில் அதற்கு வழி கண்டிருக்கிறார்கள். ஒப்பந்தம் முடியுமுன் ஒரு வீரன் கழகம் மாறி, அதற்காக மாற்றுத்தொகை கைமாறினால், அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு, 12 வயது முதல் 23 வயது வரை அவனைப் பயிற்றுவித்த கழகங்களுக்குச் சேர வேண்டும் என்பது உலகக் கால்பந்துச் சம்மேளனத்தின் விதி. வீரனும் முன்னேறுகிறான், வளர்த்தவனும் வாழ்கிறான். ஹாக்கி ஏலத்திலும் இத்தகைய பங்கு வேண்டும், அதுவும் வீரனின் ஊதியத்தில் பிடிக்காமல், வாங்குகிற முதலாளியே தனியாகத் தர வேண்டும் என்று கேட்கிறோம். 78 இலட்சத்தில் நூற்றுக்கு ஐந்து என்றால் 3 இலட்சத்து 90 ஆயிரம் ரூபாய். ஒரு சிற்றூர்க் கழகம் அதைக்கொண்டு எத்தனை பிள்ளைகளுக்கு மட்டையும் காலணியும் வாங்கும்! எத்தனை காலைகளில் முட்டையும் பாலும் கொடுக்கும்!

அரசும் தன் பங்கைச் செய்ய வேண்டும். விளையாட்டு வீரர்க்கான வேலை ஒதுக்கீடு ஏட்டளவில் நின்றுவிடாமல் கரிசல் காட்டுப் பிள்ளைகள் வரை வந்து சேர வேண்டும். வேலை கிடைத்த வீரன் ஆண்டுக்குச் சில வாரங்கள் சொந்த ஊர்த் திடலில் சிறுவர்க்குப் பயிற்சி அளிக்க, சம்பளத்தோடு விடுப்புத் தரலாம். அதைச் செய்தால், போனவன் திரும்பி வர ஒரு வழி திறக்கும்.

வீரர்களுக்கும் ஒன்று சொல்வோம். போங்கள், உயருங்கள், உரிய விலையைத் தயங்காமல் கேளுங்கள். ஆனால் விடியலில் உங்களை எழுப்பிய அந்தக் கிழவனை மறவாதீர்கள். விடுமுறையில் வந்தால் ஒரு மாலைப் பொழுதேனும் திடலுக்கு வாருங்கள். உங்களிடம் நாம் கேட்கும் விசுவாசம் அவ்வளவுதான்.

லிவர்பூலில் கூச்சலிட்ட அதே கூட்டம், அந்த மே மாதக் கடைசி ஆட்டத்தில் தன் வீரனை வாழ்த்தி வழியனுப்பியது. கோபம் ஆறியதும் நன்றி தலைதூக்கிற்று. நம் தேநீர்க் கடை நண்பர்களும் "துரோகி" என்னும் சொல்லைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்கட்டும். உழைப்பவன் தன் உழைப்பை எங்கே கொடுப்பது என்று தானே முடிவு செய்யும் உரிமைக்காகத்தான் இந்த மண்ணில் கொடி பிடித்தோம். அந்த உரிமை தீப்பெட்டி ஆலைக்கு உண்டு, பருத்திக் காட்டுக்கு உண்டு, பந்தாடும் திடலுக்கு மட்டும் இல்லை என்று சொல்ல நமக்கு வாய் வராது.