நோய் போச்சு, பிழைப்பும் போச்சு! 21 வகைப் பட்டியலில் இவர்களுக்கு இடம் எங்கே?

புற்றுநோய் வந்தால் ஆள் அவ்வளவுதான் என்று ஊர் பேசிய காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலம் மலையேறிவிட்டது.

சென்னை அடையாறில் 1954-ம் ஆண்டு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் புற்றுநோய் ஆஸ்பத்திரி வந்தது. 1969-ல் காஞ்சீபுரத்தில் அரசு புற்றுநோய் ஆஸ்பத்திரி வந்தது. இன்று ஆபரேஷன், கீமோ மருந்து, கரண்ட் வைத்தல் என்று எல்லாவற்றையும் தாங்கிக் கொண்டு, பலர் உயிரோடு வீடு திரும்புகிறார்கள்.

உயிர் மிஞ்சுகிறது. பிழைப்பு மிஞ்சுகிறதா? அதுதான் கேள்வி.

நோய் விட்டுப்போன மிச்சம்

மார்பகத்தில் கட்டி வந்த பெண்ணுக்கு, அக்குளில் உள்ள நெறிக்கட்டியையும் சேர்த்து எடுக்கிறார்கள். நோய் போகிறது. ஆனால் சிலருக்கு அந்தப் பக்கத்துக் கை வீங்கிக் கொள்கிறது. குடம் தூக்க முடியாது. தையல் மெஷினைக் காலால் மிதிக்கலாம். துணியை இழுத்துப் பிடிக்கக் கை வராது.

குடலில் புற்றுநோய் வந்தவர்களில் சிலருக்கு, மலம் வெளியேற வயிற்றில் துளை போட்டுப் பை ஒட்டி விடுகிறார்கள். ஆயுள் முழுக்க அந்தப் பையோடு வாழ்கிறவர்கள் உண்டு. பஸ் கூட்டத்தில் அது நசுங்கக் கூடாது. மாற்றுவதற்குச் சுத்தமான இடம் வேண்டும். பாரம் தூக்கினால் துளையின் பக்கத்தில் குடல் பிதுங்கும். மூட்டை தூக்கிப் பிழைத்தவர் பிறகு என்ன வேலைக்குப் போவார்?

புகையிலை போட்டு வாயில் புற்றுநோய் வந்தவருக்குத் தாடையிலும் நாக்கிலும் பாதி போய்விடுகிறது. சாதத்தை மென்று விழுங்க முடியாது. கஞ்சிதான் சாப்பாடு.

கீமோ ஏற்றியவர்களில் சிலருக்கு விரல் நுனி மரத்துப் போகிறது. சட்டைப் பொத்தான் போட வராது. சில்லறை எண்ண வராது. சில்லறை எண்ண முடியாதவர் கல்லாவில் எப்படி உட்காருவார்?

இவர்கள் அத்தனை பேரும் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறார்கள். அதுதான் வம்பு. "உனக்கென்னப்பா, ஆள் தேறிட்டே!" என்று தெருவில் சொல்வதோடு நிற்பதில்லை. சர்டிபிகேட்டு கேட்டுப் போகும் இடத்திலும் சட்டம் அதையேதான் சொல்கிறது.

சட்டத்தில் என்ன இருக்கிறது?

1995-ம் ஆண்டு சட்டத்தில் 7 வகை ஊனம்தான் இருந்தது. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 வகையாக்கியது. 2017 ஏப்ரலில் அது அமலுக்கு வந்தது. ஹீமோபிலியா, தலசீமியா, சிக்கிள் செல் ஆகிய மூன்று ரத்த நோய்களும் அதில் இடம் பிடித்தன. நல்ல காரியம்.

அந்த 21-ல் புற்றுநோய் இல்லை.

அதற்காக எல்லாக் கதவும் அடைத்துக் கிடக்கிறது என்று நினைக்க வேண்டாம். புற்றுநோயால் குரல்வளையை எடுத்தவர்களை, பேச்சுக் குறை என்ற வகையில் சட்டமே பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. எலும்பில் புற்றுநோய் வந்து காலை எடுத்தவர் கை, கால் இயக்கக் குறை வகையில் வருவார். மருந்தின் வேகத்தில் இரண்டு காதும் கேட்காமல் போனவர், அளவு எட்டினால் காது கேளாதோர் வகையில் வருவார்.

விட்டுப் போனவர்கள்தான் அதிகம். வயிற்றில் பை கட்டியவருக்குப் பட்டியலில் இடம் கிடையாது. விழுங்க முடியாமைக்கு இடம் கிடையாது. பத்து அடி நடந்தால் மேல் மூச்சு வாங்கும் அசதிக்கு இடம் கிடையாது. கை வீக்கத்துக்குத் தனி இடம் கிடையாது.

குழந்தைகளின் கதை இன்னும் கொடுமை. கண்ணில் புற்றுநோய் வந்து ஒரு கண்ணையே எடுத்துவிட்ட குழந்தைக்கு, இன்னொரு கண் நன்றாக இருந்தால், விதிப்படி 30 சதவீதம்தான்!

40-ம் 80-ம்

இந்தச் சதவீதத்தில் என்ன இருக்கிறது? எல்லாமே அதில்தான் இருக்கிறது.

சட்டப்படி வேலை இடஒதுக்கீடு போன்ற சலுகை வேண்டுமானால் 40 சதவீதம் வேண்டும். 2009-ல் மத்திய அரசு தொடங்கிய இந்திரா காந்தி ஊனமுற்றோர் பென்ஷன் வேண்டுமானால் 80 சதவீதம் வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழேயும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் வருவாய்த்துறை கொடுக்கும் மாற்றுத்திறனாளி பென்ஷன் 2023 ஜனவரியில் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. கையெழுத்துப் போட்ட சர்டிபிகேட்டு இல்லாதவருக்கு 1,000 ஆனால் என்ன, 1,500 ஆனால் என்ன?

வேடிக்கையைக் கேளுங்கள். வயிற்றில் பை கட்டியவர்களுக்கு ரெயில்வே சீசன் டிக்கெட்டில் பாதிக் கட்டணச் சலுகை இருக்கிறது. துணைக்கு வருகிறவருக்கும் உண்டு. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்குத் தூங்கும் வசதிப் பெட்டியில் முழுக் கட்டணமும் தள்ளுபடி. ரெயில்வேயின் கண்ணுக்குத் தெரிகிற கஷ்டம், ஊனச் சட்டத்தின் கண்ணுக்கு மட்டும் தெரியவில்லை. இரண்டும் ஒரே மத்திய அரசுதான்!

கஜானா தாங்குமா?

"புற்றுநோய் என்று எழுதிக் கொண்டு வருகிற எல்லோருக்கும் பென்ஷன் கொடுத்தால் கஜானா தாங்குமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான்.

எல்லோருக்கும் கொடுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. சிகிச்சை முடித்து முன்போல் ஆபீஸ் போகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்குப் பென்ஷன் தேவையில்லை. நோயின் பெயரைப் பார்த்து ஒரேயடியாகக் கொடுக்கவும் வேண்டாம். பட்டியலில் பெயர் இல்லை என்று ஒரேயடியாக மறுக்கவும் வேண்டாம். இந்த மனிதரால் எதைச் செய்ய முடியவில்லை என்று அளந்து பாருங்கள். அவ்வளவுதான் கோரிக்கை.

குணமாகக் கூடிய குறை என்றால் இத்தனை வருஷத்துக்கு என்று காலக்கெடு போட்டுச் சர்டிபிகேட்டு கொடுக்க விதி இருக்கிறது. கெடு முடிந்ததும் மறுபடி பரிசோதிக்கலாம். கஜானாவுக்கு இதில் என்ன மோசம்?

இங்கிலாந்தில் 2010-ம் ஆண்டு சமத்துவச் சட்டம், புற்றுநோய் கண்டுபிடித்த நாளிலிருந்தே அவரை ஊனமுற்றவராகக் கருதி, முதலாளி பாகுபாடு காட்டாதபடி பாதுகாக்கிறது. அங்கே உதவித்தொகைக்கு மனு போட்டால், உனக்கு என்ன நோய் என்பதைவிட, சமைக்க முடிகிறதா, குளிக்க முடிகிறதா, நடக்க முடிகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? அரியானாவில் மூன்றாம், நான்காம் கட்டப் புற்றுநோயாளிகளுக்கு மாதப் பென்ஷன் திட்டம் வந்திருக்கிறது. மனம் இருந்தால் மார்க்கம் உண்டு.

புரோக்கர்கள் ஜாக்கிரதை!

நேர் வழி அடைபட்டால் குறுக்கு வழிக்காரனுக்குக் கொண்டாட்டம். "பணம் கொடு, 40 சதவீதம் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது காதைக் கடித்தால் நம்பி விடாதீர்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்குக் கட்டணமே கிடையாது. மோசடி செய்து சலுகை பெற்றால் 2 ஆண்டு வரை ஜெயில், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டம் சொல்கிறது. பணம் வாங்கியவன் தலைமறைவாகி விடுவான். சர்டிபிகேட்டில் இருப்பது நோயாளியின் போட்டோ. அகப்படுவது யார்?

இப்போதே செய்யக் கூடியது

சட்டம் மாறும் வரை கை கட்டி உட்கார வேண்டாம்.

சர்டிபிகேட்டுக்குப் போகும்போது "புற்றுநோய்" என்ற ஒரு வார்த்தையோடு நிற்காதீர்கள். தோள் எவ்வளவு உயர்கிறது, காது எவ்வளவு கேட்கிறது, பேச்சு எவ்வளவு புரிகிறது என்று அளந்து எழுதச் சொல்லுங்கள். ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதை எழுதிக் கொடுக்க விதி இருக்கிறது. மேல்முறையீடு செய்யவும் வழி உண்டு.

சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் ஆகிறவர்களுக்கு இன்னொரு வழி. 34 நீண்டகால நோய்களுக்கு, தகுதி இருந்தால், சம்பளத்தில் 80 சதவீதம் வீதம் 2 ஆண்டு வரை உதவி உண்டு. புற்றுநோய் அதில் இருக்கிறது. இது தெரியாமல் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் முடங்கக் கூடாது.

அரசு ஊழியர்களும் கேட்டுக் கொள்ளட்டும். வேலையில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டால் நீக்கவோ, பதவியிறக்கவோ கூடாது. பழைய வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். 2016 சட்டத்தில் இது தெளிவாக இருக்கிறது. கால் போன டிரைவரை டெப்போவில் உட்கார வைத்து வேலை வாங்கலாம். வீட்டுக்கு அனுப்ப முடியாது.

ஒரு கையெழுத்து போதும்

21 வகைப் பட்டியலைப் பெரிதாக்கப் பாராளுமன்றத்தைக் கூட்டிப் புதுச் சட்டம் போட வேண்டியதில்லை. "மத்திய அரசு அறிவிக்கும் வேறு வகை" என்று பட்டியலின் கடைசியிலேயே ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள். ஒரு அறிவிப்பு போதும். வயிற்றில் பை கட்டியவர்களும், விழுங்க முடியாதவர்களும், கை வீங்கியவர்களும் உள்ளே வந்து விடலாம். ஒரு கண்ணை இழந்த குழந்தையின் 30 சதவீதத்தையும் மறுபடி யோசிக்க வேண்டும்.

மாநில அரசும் சும்மா இருக்க வேண்டாம். புற்றுநோய் வார்டிலேயே வாரம் ஒரு நாள் ஊனச் சர்டிபிகேட்டு டாக்டர்களை உட்கார வைக்கலாம். கீமோ ஏறிய உடம்போடு ஒருவர் வரிசை வரிசையாக நிற்கிற கொடுமை குறையும்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் லட்சக் கணக்கில் அரசுப் பணம் போட்டு உயிரைக் காப்பாற்றுகிறோம். காப்பாற்றிய உயிர் மறு மாசம் வாடகைக்கும் அரிசிக்கும் கையேந்தினால், போட்ட பணத்துக்கு என்ன அர்த்தம்?

டாக்டர்கள் தங்கள் வேலையைச் செய்து விட்டார்கள். இனி டெல்லியில் பேனா பிடித்திருக்கும் கைகள் அசைய வேண்டும்!