கோச்சைத் துரத்தும் விளையாட்டு

"கோச்சை மாத்துங்கடா!"

பினாங்கு காற்பந்து அணி தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றால் போதும், இந்தக் குரல் எழுந்துவிடும். சிட்டி ஸ்டேடியத்தின் படிக்கட்டில் எழும், மாமாக் கடையில் தே தாரிக்கோடு எழும், வாட்ஸ்அப் குழுக்களில் விடியும்வரை ஓயாது. சில வாரங்களில் கோச் போய்விடுவார். புதிதாக ஒருவர் வருவார், கையில் அணியின் சட்டையைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொள்வார். நாமும் மூன்று மாதம் பொறுத்திருந்துவிட்டு, அதே குரலை மறுபடி எடுப்போம்.

ரசிகனின் கோபத்தை நான் குறைசொல்லவில்லை. காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, மழையில் நனைந்து, தொண்ணூறு நிமிடம் கத்தியவனுக்குத் திட்டும் உரிமை நிச்சயம் உண்டு. என் சண்டை வேறு. இவ்வளவு பெரிய கோபத்தை இவ்வளவு மலிவாக ஏன் விற்கிறோம்? ஒரு மனிதரின் வேலையைப் பறித்ததும் அடங்கிவிடுகிற கோபத்தைக் கண்டு நிர்வாகத்தில் யாருக்கும் பயம் வராது. நம்மைச் சமாதானப்படுத்த ஆகும் செலவு எவ்வளவு என்று அவர்களுக்குத் தெரியும். ஒரு ஒப்பந்தத்தை முறிக்கும் செலவு, அவ்வளவுதான்.

இளைய வாசகர்களில் பலருக்குப் பினாங்கு ஒரு காலத்தில் பெரிய அணியாக இருந்தது என்றால் சிரிப்பு வரும். பினாங்கு காற்பந்துச் சங்கம் 1921-இல் தொடங்கியது. மலேசியக் கிண்ணத்தை (அது மலாயாக் கிண்ணமாக இருந்த காலத்தையும் சேர்த்து) 1953, 1954, 1958, 1974 என நான்கு முறை வென்றிருக்கிறோம். லீக் பட்டம் 1982-இலும் 1998-இலும் 2001-இலும் வந்தது. 2002-இல் எஃப்.ஏ. கிண்ணம். அதற்குப் பிறகு பெரிய கிண்ணம் எதுவும் இல்லை. இன்று ஸ்டேடியத்துக்கு வரும் கல்லூரி மாணவன் அந்தக் கடைசிக் கிண்ணம் வந்தபோது பிறந்திருக்கவே மாட்டான். மலேசியக் கிண்ணம் என்றால் அவனுடைய தாத்தாவைத்தான் கேட்க வேண்டும்.

இந்த இருபது சொச்ச ஆண்டுகளில் எத்தனை கோச்சுகள் வந்து போனார்கள்! அத்தனை பேருமா முட்டாள்கள்?

ஒருவரை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஆஷ்லி வெஸ்ட்வூட், இங்கிலாந்துக்காரர். இந்தியக் காற்பந்தைப் பார்ப்பவர்களுக்கு இந்தப் பெயர் நன்றாகத் தெரியும். 2013-இல் புதிதாகத் தொடங்கிய பெங்களூரு எஃப்சி-க்கு அவர்தான் முதல் பயிற்றுநர். முதல் சீசனிலேயே ஐ-லீக் பட்டம். 2016-இல் இன்னொரு முறை. அடுத்து அவர் வந்த இடம் நம் பினாங்கு. 2017 சூப்பர் லீக் சீசன் முடியும்வரைகூட அவர் இங்கே இல்லை. அந்த ஆண்டு நாம் பன்னிரண்டு அணிகளில் கடைசியாக வந்து கீழே இறங்கினோம். பெங்களூரில் பட்டம் வாங்கித் தந்தவருக்கு விமானத்தில் வரும்போது காற்பந்து மறந்துபோய்விட்டதா? ஆள் அதே ஆள்தான். அங்கே அவருக்குப் பின்னால் ஒரு கிளப் இருந்தது. இங்கே என்ன இருந்தது என்று கேட்டிருக்க வேண்டும். நாம் கேட்கவில்லை. அடுத்த கோச் யார் என்று கேட்டோம்.

அதே 2017 எப்படித் தொடங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். முந்தைய ஆண்டு பிப்ரவரி 16-ஆம் தேதி, பஹாங்குக்கு எதிராக சிட்டி ஸ்டேடியத்தில் ஃபாயிஸ் சுப்ரி அடித்த ஃப்ரீ கிக் நினைவிருக்கும். ஒரு பக்கம் போன பந்து நடுவானில் மனம் மாறி இன்னொரு பக்கம் வளைந்து வலைக்குள் விழுந்தது. கோல்கீப்பர் பாவம், பந்து வருமென்று நம்பிய திசைக்குப் போனார். உலகின் சிறந்த கோலுக்கான ஃபிஃபாவின் புஸ்காஸ் விருது அதற்குக் கிடைத்தது. 2017 ஜனவரியில் சூரிச்சில், பிரேசிலின் ரொனால்டோ கையால். மேடையில் ஃபாயிஸ் தன் உரையைக் கைப்பேசியில் தேடித் தடவிய அந்தச் சில நொடிகள் இப்போதும் எனக்கு மிகப் பிடித்த காட்சி. நம்ம ஊர்ப் பையன் ஒருவன் கோட்டு சூட்டில் நின்று அப்படித் தடுமாறியதில் ஒரு அழகு இருந்தது.

ஜனவரியில் உலகத்தின் சிறந்த கோல். அதே ஆண்டு இறுதியில் லீக்கின் கடைசி இடம். உலகில் வேறு எந்த கிளப்பாக இருந்தாலும் அந்த ஒரு கோலை வைத்தே ஒரு தலைமுறைச் சிறுவர்களை இழுத்திருக்கும். பள்ளிப் பள்ளியாகப் போயிருக்கும். நாம் அந்தக் கோலைப் பெருமை பேசிப் பேசியே தீர்த்துவிட்டோம்.

சரி, அது பழைய கதை என்பீர்கள். புதிய கதைக்கு வருவோம். 2020-இல் மன்சூர் அஸ்விரா பயிற்சியில் பிரீமியர் லீக்கை வென்று மேலே வந்தோம். 2021-இல் செக் நாட்டுக்காரரான தோமாஸ் த்ருஹா தலைமையில் சூப்பர் லீக்கில் மூன்றாம் இடம். ஆஹா என்றோம். 2022-இல் அதே த்ருஹாவோடு தொடங்கினோம், சீசன் நடுவிலேயே அவரை அனுப்பினோம், கடைசி இடத்தில் முடித்தோம். மூன்றாம் இடத்துக்குக் கொண்டுபோன மூளை பன்னிரண்டு மாதத்தில் அழுகிவிடுமா? த்ருஹா தவறே செய்யவில்லை என்று நான் வாதாட வரவில்லை. ஒரே கோச், அடுத்தடுத்த இரண்டு ஆண்டு, பட்டியலின் இரண்டு முனைகள். இதைப் பார்த்துவிட்டும் "கோச்தான் காரணம்" என்பவரிடம் நான் என்ன பேசுவது?

இன்னொரு பக்கம் ஜோகூரைப் பாருங்கள். ஜேடிடி 2014 முதல் 2024-25 வரை தொடர்ந்து பதினொரு லீக் பட்டங்களை வாங்கியிருக்கிறது. அந்த ஆண்டுகளில் அங்கே கோச் மாறவே இல்லையா? மாரியோ கோமெஸ், உலிசெஸ் மொராய்ஸ், பெஞ்சமின் மோரா, எஸ்தெபான் சொலாரி என்று ஆள் மாறிக்கொண்டே இருந்தார்கள். மாறினாலும் ஜெயித்தார்கள். நாம் மாற்றினாலும் தோற்கிறோம், மாற்றாவிட்டாலும் தோற்கிறோம். ஜேடிடி-யிடம் உள்ள பணமும் அரண்மனையும் நமக்கு இல்லை என்பது உண்மைதான், அதில் பொறாமைப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. கோச் இல்லாத வேறு ஏதோ ஒன்றுதான் அணியைத் தாங்குகிறது என்பதை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொண்டால் போதும்.

பணத்தை வைத்துச் சாக்கு சொல்பவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. 2022-இல் நமக்கு மேலே இருந்த அணிகளில் ஒன்று பெட்டாலிங் ஜெயா சிட்டி. அதன் வேர் மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கமான மிஃபாவில் இருக்கிறது. நம் ஆட்கள் தொடங்கிய அணி. பயிற்றுநர் பி. மணியம். அந்த சீசன் முழுக்க ஒரு வெளிநாட்டு வீரர்கூட இல்லாமல், உள்ளூர் ஆட்டக்காரர்களை மட்டும் வைத்து ஆடினார்கள். வெளிநாட்டு வீரர்களை வைத்திருந்த நாம் அவர்களுக்குக் கீழே.

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை, வேடிக்கை என்று சொல்ல மனம் கேட்டால். அந்த சீசன் முடிந்ததும் பிஜே சிட்டி லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. மலாக்கா யுனைடெட்டுக்கும் சரவாக் யுனைடெட்டுக்கும் உரிமம் கிடைக்கவில்லை. மூன்றுமே பட்டியலில் நமக்கு மேலே இருந்த அணிகள்! கடைசியாக வந்த பினாங்கு அடுத்த ஆண்டும் சூப்பர் லீக்கில் ஆடியது. லீக்கைத் திருத்தியமைத்ததால் கீழே இறங்க வேண்டியிருக்கவில்லை. 2025-இல் பேராவும் ஸ்ரீ பஹாங்கும் விலகின, கெடாவுக்கு உரிமம் மறுக்கப்பட்டது. பினாங்கு இன்னும் நிற்கிறது. நம் நிர்வாகத்துக்குக் கிடைத்திருக்கும் பாராட்டு இது ஒன்றுதான். செத்துப்போகாமல் இருப்பது. ரசிகனுக்கு அது போதுமா?

மலேசியாவில் மாநிலக் காற்பந்து எப்போதும் அரசியலின் மடியில் வளர்ந்த பிள்ளை. தலைமை நாற்காலியில் பெரும்பாலும் அரசியல்வாதி, இல்லாவிட்டால் அரச குடும்பத்தவர். செலவுக்கு மாநில அரசின் பணம், அரசு சார்ந்த நிறுவனங்களின் விளம்பரம். இந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் சங்கங்கள் கிளப்புகளாக மாற வேண்டும் என்று விதி வந்தது. நம் சட்டையிலும் எஃப்.ஏ. போய் எஃப்சி வந்தது. பெயர்ப்பலகை மாறியது. சம்பளம் எங்கிருந்து வருகிறது, வெளிநாட்டு வீரரைத் தேர்ந்தெடுப்பவர் யார், முகவருக்குப் போகும் தொகை எவ்வளவு என்ற கேள்விகளுக்கு டிக்கெட் வாங்குகிறவனிடம் பதில் சொல்லும் பழக்கம் மட்டும் வரவில்லை. இந்த ஏற்பாட்டில் கோச் என்பவர் மிகவும் பயனுள்ள ஆள். வெளியூர்க்காரர், ஓட்டு இல்லாதவர், எதிர்த்துப் பேசாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு போகிறவர். ஊர்த் திருவிழாவில் வெட்டுவதற்கென்றே ஆடு வளர்ப்பார்கள், தெரியும்தானே? நாம் "வெட்டு, வெட்டு" என்று கத்துகிறோம். பூசாரி சந்தோஷமாக அரிவாளை எடுக்கிறார்.

இப்போது நம் வீட்டு விஷயம். பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பல தோட்டப் பெயரை இன்னமும் சுமக்கின்றன. பைராம், வால்டோர், பத்து காவான். தோட்டம் இருந்த காலத்தில் திடலும் இருந்தது, மாலையில் பந்தும் இருந்தது. தோட்டத்துக்குத் தோட்டம் போட்டி வைத்து, ஞாயிற்றுக்கிழமை லாரி ஏறிப்போய் ஆடிவிட்டு வந்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் அடுக்குமாடிக்குக் குடிபோனபோது எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனார்கள், திடலைத் தவிர. அந்தப் பத்து காவானில்தான், 2000-இன் சுக்மா போட்டிக்காக, 40,000 பேர் உட்காரும் மாநில ஸ்டேடியத்தைக் கட்டினார்கள். இத்தனை இருக்கைகள் கட்டிய மண்ணில் ஒரு சிறுவனுக்கு ஓசியில் பந்து உதைக்க இடம் எங்கே என்று தேடிப் பாருங்கள். மாநில அணிக்காக ஆள் தேடுகிறவர் இந்த 28 பள்ளிகளில் எத்தனை பள்ளியின் வாசலை மிதித்திருக்கிறார்? கோச்சை மாற்றச் சொல்லிக் கத்தும் நம் அண்ணன்மார்கள் இந்தக் கேள்வியை ஒரு தடவையாவது கத்தியிருக்கிறார்களா?

கத்துவதற்கு முதலில் ஸ்டேடியத்துக்கு வர வேண்டும், அது வேறு விஷயம். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து லிவர்பூலுக்காகக் கண்ணீர்விடும் மச்சான்களைப் பார்த்துவிட்டேன். "லோக்கல் பந்தா? தரமே இல்ல லா" என்பார்கள். ஆன்ஃபீல்டின் இருக்கை வரிசைகூட அவர்களுக்கு மனப்பாடம். சிட்டி ஸ்டேடியம் போக எங்கே திரும்ப வேண்டும் என்று கேட்டால் வேஸ் திறக்கிறார்கள். பினாங்கு தோற்ற மறுநாள் "கோச் சரியில்ல" என்று முதலில் செய்தி அனுப்புவதும் இதே ஆட்கள்தான். வராதவனின் கோபத்துக்கு என்ன எடை? ஆட்டத்தைப் பார்க்காமல், ஸ்கோரை மட்டும் பார்க்கிறவனுக்குக் கோச் மட்டும்தான் தெரிவார். பெயர் தெரிந்த ஒரே ஆள் அவர்தானே.

புத்தகம் வாசிக்கிற நண்பர்கள் தப்பித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். காற்பந்தைப் பற்றிப் பேசினாலே "அது வேற கூட்டம்" என்று ஒதுங்குவது நம்மிடையே ஒரு கௌரவமாக இருக்கிறது. ஒரு நகரம் தன் பொதுப் பணத்தை எப்படிச் செலவழிக்கிறது, யாரைச் சேர்க்கிறது, யாரைச் சேர்க்காமல் விடுகிறது, தோற்றால் யார் தலையில் கட்டுகிறது என்பதெல்லாம் உங்களுக்கு வேண்டாத கூட்டத்தின் பிரச்சினையா?

உச்சகட்டக் கேலி 2025 செப்டம்பரில் வந்தது. தேசிய அணிக்கு ஆடிய ஏழு வெளிநாட்டில் பிறந்த வீரர்களின் ஆவணங்கள் பொய்யானவை என்று ஃபிஃபா தண்டனை விதித்தது. தாத்தா பாட்டி மலேசியாவில் பிறந்தவர்கள் என்பதற்காகக் காட்டப்பட்ட தாள்கள் அவை. அவற்றில் சிலருடைய பாட்டன் பாட்டி பிறந்த ஊராக எழுதியிருந்தது எது தெரியுமா? பினாங்கு. ஃபிஃபா கண்டெடுத்த மூலப் பதிவுகளிலோ அவர்கள் அர்ஜென்டினாவில் பிறந்திருந்தார்கள். இங்கே உண்மையிலேயே பிறந்த தாத்தாக்களின் பேரன்கள் அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் செருப்பைக் கோல் கம்பமாக வைத்து ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய பிறப்புப் பத்திரத்தில் எந்தச் சிக்கலும் இல்லை. ஆள்தான் தேடிப் போகவில்லை.

அதனால், அடுத்த ஆட்டத்துக்குப் பதாகை தயார் செய்யும் தம்பிகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். "கோச் வெளியே" என்று எழுதித் துணியை வீணாக்காதீர்கள். இப்போது இருப்பவர் நல்லவரோ கெட்டவரோ, எப்படியும் போய்விடுவார், அது அவர் கையெழுத்துப் போட்ட நாளே முடிவானது. வரவு செலவைக் கேட்டு எழுதுங்கள். இளையோர் அணிக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று கேட்டு எழுதுங்கள். மலாயிலும் சீனத்திலும் எழுதுங்கள், தமிழிலும் எழுதுங்கள். தமிழில் எழுதும்போது மட்டும் தயவுசெய்து ஒற்றை விட்டுவிடாதீர்கள். "கணக்கைக் காட்டு." நடுவில் ஒரு க் வரும்.