குடும்ப நலம்: கம்பியின்மேல் பழி வேண்டா



அண்மையில் அரியலூர்ப் பக்கத்துப் பங்கு ஒன்றில் ஞாயிறு திருப்பலி முடிந்து வெளிவந்தபோது, தாயொருவர் தம் மகளை நம்மிடம் அழைத்து வந்தார். முன்பற்கள் துருத்தியிருந்த அச்சிறுமிக்கு இரண்டாண்டுகள் கம்பி போட்டிருந்தனர். அதற்கென மாதந்தோறும் திருச்சிக்குப் பேருந்துப் பயணம். சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம். கம்பியைக் கழற்றிய அன்று பற்கள் வரிசையாய் நின்றன. ஆயினும் உலோகப் பிடிகள் ஒட்டியிருந்த இடங்களைச் சுற்றிச் சுண்ணாம்பு தீற்றினாற்போல் வெண்திட்டுகள். ஒரு பல்லில் பழுப்பேறிய குழி. "வரிசை வந்தது, பல் போயிற்றே! இளையவனுக்குக் கம்பியே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம்" என்றார் தாய். மகளோ வாயைக் கையால் மறைத்தபடி நின்றாள்.

பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களில் வேறு சில பெற்றோரும் இவ்வாறே எண்ணக்கூடும். ஆதலின் உண்மையைச் சற்று விளக்க விழைகிறோம்.

பல்லை அரிப்பது கம்பியன்று. பல்லின்மேல் படியும் படலத்தில் வாழும் நுண்ணுயிர்கள், நாம் உண்ணும் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லின்மீது அமிலத்துளி விழுந்தால் அது நுரைத்துக் கரையும். பல்லின் எனாமலும் சுண்ணாம்புச் சத்து நிறைந்ததே. அது நுரைக்காமல், ஓசையின்றி, சிறுகச் சிறுகக் கரைகிறது. அமிலத்தைத் தணித்து, இழந்த சத்தை மீண்டும் ஊட்டுவது உமிழ்நீர். அதற்கு அரைமணி முதல் ஒருமணி நேரம் வேண்டும். இடைவிடாது மிட்டாயும் இனிப்புத் தேநீரும் உட்கொண்டால் அந்த அவகாசமே கிடைப்பதில்லை.

கம்பியும் பிடிகளும் உணவுத் துணுக்குகள் தங்குவதற்குப் பல மூலைகளை உண்டாக்குகின்றன. நாவும் உமிழ்நீரும் அங்கே எளிதில் எட்டுவதில்லை. சரியாகத் துலக்காவிடில் நான்கே வாரங்களில் வெண்திட்டு தோன்றக்கூடும். கம்பியோ பெரும்பாலும் ஓராண்டுக்கும் மேலாக வாயில் இருப்பது. அப்படியானால் எத்துணைக் கவனம் வேண்டும்!

கம்பி போடுமுன் சொத்தையையும் ஈறு நோயையும் குணப்படுத்திக்கொள்க. போட்டபின், ஏறத்தாழ 1,000 பி.பி.எம். ஃபுளூரைடு உள்ள பற்பசையால் காலையும் இரவும் துலக்க வேண்டும். தூரிகையைப் பிடிகளுக்கு மேலும் கீழுமாகச் சாய்த்துப் பிடித்துத் துலக்குதல் நன்று. கம்பியின் அடியில் நுழைய மெல்லிய சிறு தூரிகைகள் கடைகளில் உண்டு. உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் இரவுத் துலக்கலை ஒருநாளும் விடலாகாது. உண்டவுடன் நீரால் வாய் கொப்பளித்தல் நலம். இனிப்பை உணவு வேளையோடு நிறுத்திக்கொள்க. கரும்பு விளையும் நம் ஊர்களில் பிள்ளைகள் அதைப் பல்லால் உரித்துத் தின்பது இயல்பு; ஆனால் கம்பி உள்ளவரை அது கூடாது. பிடி பெயர்ந்தாலோ ஆடினாலோ, குறித்த நாள்வரை காத்திராமல் மருத்துவரை நாடுக. பயணச் செலவை எண்ணிப் பார்வை நாளைத் தவறவிடுவது, பின்னர் பெருஞ்செலவில் முடியும்.

அத்தாய்க்கு நாம் கூறியது இதுவே: "மகளின் வெண்திட்டுகள் காலப்போக்கில் ஓரளவு மங்கக்கூடும், மருத்துவர் வழிகாட்டுவார். குழியை உடனே அடைத்துவிடுங்கள். அரசு மருத்துவமனையின் பல் பிரிவிலும் கேட்கலாம். இளையவனுக்குக் கம்பி வேண்டாம் என்று இப்போதே முடிவு செய்ய வேண்டா. மூன்று திங்கள் அவன் இரவில் துலக்குவதைக் கவனியுங்கள். ஒழுங்காகத் துலக்கினால் கம்பியைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். இல்லையேல், கம்பி சற்றுக் காத்திருக்கட்டும்."

"யார் கற்றுக்கொடுப்பது?" என்றார் தாய்.

தூரிகை எங்கெங்கே எட்டவில்லை என்பதை அக்காளைவிட நன்கறிந்தவர் அவ்வீட்டில் எவருமில்லை. அவளையே சுட்டினோம். அவள் கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள்.